மிளகாய் அரைக்கப் போன வழி

உங்களுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தாள். உங்கள் அக்கா. மூன்று வயது முடியவில்லை, காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கு நான் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், மருந்து கொடுத்தார்கள், பிள்ளை நிற்கவில்லை. நான் இங்கே எழுதுவது அவள் செத்ததைப் பற்றி அல்ல. செத்த பிறகு அவளுக்கு ஒருவர் செய்ததைப் பற்றி. அதற்காக நானும் உங்கள் அம்மாவும் ஒரு நாள் முழுக்க நடந்ததைப் பற்றி.

நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். கோபத்தை மட்டும் திருத்த வேண்டாம். அது இருக்கிறபடியே இருக்கட்டும்.

எங்கள் தோட்டத்தில் சின்னப் பிள்ளைகள் செத்தால் பெரியவர்களுக்குப் போல தப்பு அடித்து, பாடைத் தேர் கட்டிக் கொண்டு போவதில்லை. அப்பன் கையிலேயே தூக்கிக்கொண்டு போய், நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற ஒரு மேட்டில் புதைத்துவிட்டு வருவான். நானும் அப்படித்தான் செய்தேன். லயத்துக்கு மேலே, தேயிலை முடிந்து டர்பன்டைன் மரங்கள் தொடங்குகிற இடம். ஆற்றிலிருந்து ஒரு கல்லைத் தூக்கி வந்து மேலே வைத்தேன். தட்டையான கருங்கல். குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடும். எழுத்து ஒன்றும் இல்லை. கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் அந்தக் கோட்டைப் பார்த்தே இன்னார் பிள்ளை என்று தெரிந்துகொள்வார்கள். உங்கள் அம்மா மலைக்குப் போகிற வழியில் கூடையை இறக்கி வைத்து, கொஞ்சம் நின்றுவிட்டுப் போவாள்.

பிறகு நான் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனேன். அந்தச் சமயத்தில்தான் கண்டாக்கையா அந்த மேட்டில் தனக்கென்று லீக்ஸ் காய்கறி போட ஆசைப்பட்டார். இப்போது ஃபீல்ட் ஆபீசர் என்கிறார்கள், எங்களுக்குக் கண்டாக்குதான். மலையில் யாருக்கு எந்த வேலை, யாருக்கு அரை நாள் கூலிப் பேர், யாருக்குப் பேரே இல்லை என்று தீர்மானிக்கிற ஆள். மரங்களை வெட்டச் சொன்னார். மேட்டை வெட்டிப் படிப்படியாக நிரவச் சொன்னார். கல் இருந்த இடத்துக்கு வந்ததும் வேலையாட்கள் கையை நிறுத்தியிருக்கிறார்கள். "புள்ளைய வச்ச எடங்கய்யா" என்று ஒருவர் சொல்லியும் இருக்கிறார். கண்டாக்கையா அலவாங்குக் கம்பியைத் தன் கையில் வாங்கி, தானே அந்தக் கல்லை நெம்பிப் புரட்டியிருக்கிறார்.

உங்கள் அம்மா அன்றைக்கு வேறு மலையில் கொழுந்து எடுத்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால் மேடும் இல்லை, மரமும் இல்லை. சிவப்பு மண் பாத்தி பாத்தியாகக் கிடந்தது.

நான் லீவு போட்டு ஓடி வந்தேன். கல் அவருடைய மாட்டுப்பட்டி வாசலில் கிடந்தது. பால் கறக்கப் போகிறவர்கள் கால் வைத்து ஏற. சாணி அப்பியிருந்தும் அந்த வெள்ளைக் கோடு எனக்குத் தெரிந்தது.

கண்டாக்கையா குவாட்டர்ஸ் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கல்லுக்கா கொழும்புல இருந்து வந்த? தூக்கிட்டுப் போ. எனக்கு வேற கல்லு கெடைக்கும்."

"கல்லு வேணாங்கய்யா. எந்த எடத்துல இருந்து எடுத்தீங்கன்னு காட்டுங்க, போதும்."

"எடமா? எல்லாம் தோட்டத்து எடம்தானே."

அவ்வளவுதான் சொன்னார். கோப்பையில் மிச்சமிருந்த டீயை என் காலடிக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். என்மேல் கொட்டவில்லை. பக்கத்தில்தான்.

நான் கல்லைத் தூக்கி வந்தேன். எங்கே வைப்பது? அந்த மேட்டை நாங்கள் எவ்வளவோ நடந்து பார்த்தோம். "இங்கிட்டுதான் ஒரு மரம் நின்னுச்சு" என்பாள் உங்கள் அம்மா. "இல்ல, இன்னும் கீழ" என்பேன் நான். அடையாளம் சொல்ல ஒரு வேர்கூட மிச்சமில்லை. தொழிற்சங்கத் தலைவரிடம் போனேன். கண்டாக்கு பென்சன் போகப் போகிற மனுசன், விடுப்பா என்றார். தோட்டத்து மேனேஜர் துரையிடம் போனேன். அந்த இடத்தில் புதைக்க உனக்கு யார் அனுமதி கொடுத்தது என்று என்னையே கேட்டார். நான் கொழும்புக்குத் திரும்பிப் போகவில்லை, பழையபடி மலை வேலைக்கே வந்துவிட்டேன்.

கண்டாக்கையா பென்சன் வாங்கி, பூண்டுலோயாப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனார். அவருக்கு மாலை போட்டு, வேனில் ஏற்றி விட்டார்கள். உங்கள் அம்மாவும் வரிசையில் நின்று கும்பிட்டாள். நிற்காவிட்டால் மறுநாள் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டில் கேள்வி வரும்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் அடுப்பு ஊதிக்கொண்டே சொன்னாள்: "மொளகா அரைக்கணும்."

நான் கறிக்கு என்று நினைத்தேன். அவள் அதைச் சொல்லவில்லை.

பள்ளத்தில் இருக்கிற சிங்களக் கிராமம் ஒன்றில் பழைய தேவாலே இருக்கிறது. தேவாலே என்றால் அவர்களுடைய தெய்வத்துக்கான சின்னக் கோயில். அங்கே ராஜா காலத்துக் கல் ஒன்று கிடக்கிறது. நியாயம் கிடைக்காதவர்கள் காய்ந்த மிளகாயை அதில் வைத்து, கெடுதல் செய்தவன் பெயரைச் சொல்லி அரைப்பார்கள். அந்த எரிச்சல் போய் அவன் உடம்பில் ஏறும். சங்கிலி திருட்டுப் போனவர்கள், புருசனைப் பறிகொடுத்தவர்கள் என்று நம் ஆட்களும் போய் வருவதுண்டு.

போகலாம் போகலாம் என்று வருசங்கள் போயின. நீங்கள் பிறந்தீர்கள். கைப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தக் காரியம் செய்யக் கூடாது என்றார்கள். கடைசியில் நாங்கள் புறப்பட்டது டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற வருசம். பஸ் ஓடவில்லை. உங்களைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, விடிந்ததும் நடக்கத் தொடங்கினோம். உங்கள் அம்மா மிளகாயை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து, இடுப்பில் செருகியிருந்தாள்.

"தும்மல் வருது புள்ள, கொஞ்சம் தள்ளி நட" என்றேன்.

"இப்பவே தும்முறீங்க. அரைக்கிறப்ப என்ன செய்வீங்க?"

"நான் எதுக்கு அரைக்கணும்? நீதானே கைகாரி."

"ரெண்டு பேரும்தான் பெத்தோம். ரெண்டு பேரும்தான் அரைக்கணும்."

முதலில் வந்தது பழைய ஸ்டோர். தேயிலை அரைத்த ஃபெக்டரி. தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மேல் மாடியில் கொழுந்து வாட்டிய இடத்தில் இப்போது மரம் முளைத்துக் கிளை சன்னல் வழியாக வெளியே வந்திருந்தது. இயந்திரச் சக்கரங்களான ரோதைகளைக் காக்க ஒரு மூலையில் ரோதமுனி என்று ஒரு கல்லை வைத்திருந்தார்கள் எங்கள் ஆட்கள். அதன் முன்னால் யாரோ விளக்குப் போட்டிருந்தார்கள்.

"ரோதையே போயிருச்சு. முனி மட்டும் காவல் நிக்கிறாரு" என்றாள் உங்கள் அம்மா. "இவரையும் ஒரு கண்டாக்கு வந்து பொரட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவளுக்கு வேடிக்கையாகப் பேச வரும். ஆனால் அன்றைக்கு எதைத் தொட்டாலும் பேச்சு அங்கேயே போய் முடிந்தது.

ஸ்டோரைத் தாண்டினால் சைப்பிரஸ் மரங்களுக்கு நடுவில் வெள்ளைக்காரத் துரைமாருடைய கல்லறைகள். சுற்றி இரும்பு வேலி. வேலிக்குப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மேலே இருக்கிற பங்களா இப்போது ஹோட்டல். அங்கே தங்க வருகிறவர்கள் நடந்து வந்து பார்க்கிறார்களாம், அதற்காகப் புல்லும் வெட்டி வைத்திருந்தார்கள்.

பெரிய கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல். மேலே ஒரு ஆட்டுக்குட்டி படுத்திருப்பதுபோலச் செதுக்கியிருந்தது. எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது, இலக்கம் வாசிக்கத் தெரியும். பிறந்த வருசத்தையும் செத்த வருசத்தையும் கழித்துப் பார்த்தேன்.

"எத்தன வயசு?" என்று கேட்டாள்.

"நம்ம புள்ள வயசுதான்" என்றேன். அவள் வேலிக்கு வெளியே உட்கார்ந்து, கம்பிக்குள் கையை விட்டு அந்த ஆட்டுக்குட்டியின் தலையில் கிடந்த சருகை எடுத்துப் போட்டாள்.

"இந்தப் புள்ள மேல எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். "ஆனா பாத்தீங்களா, இதும்மேல மட்டும் யாரும் லீக்ஸ் போடல."

நடக்கும்போது அந்த வார்த்தை என் காதிலேயே இருந்தது. அதுவரை நான் அவளுக்குத் துணையாகத்தான் போனேன். மிளகாய் அரைத்து ஒரு மனிதன் சாவான் என்று எனக்கு முழு நம்பிக்கை இல்லை. அந்த வேலியைத் தாண்டிய பிறகு, அவர் சாக வேண்டும் என்று நானே நினைத்தேன். சும்மா சாகக் கூடாது, எரிந்து சாக வேண்டும் என்று நினைத்தேன். எழுதுவதற்கு நன்றாக இல்லை. நினைத்தது அதுதான்.

அதற்குக் கீழே ஆளில்லாத பழைய லயம். மண் சரியும் என்று ஆட்களை வேறு இடத்துக்கு எழுப்பி விட்டார்கள். காம்பராவுக்குக் காம்பரா, அறைக்கு அறை, அடுப்புக் கரி மட்டும் சுவரில் அப்படியே இருந்தது. அதைத் தாண்டித் தேயிலை முடிந்து, பாக்கு மரமும் மிளகுக் கொடியும் தொடங்கின. கீழே வயல். கிராமம் வந்துவிட்டது.

ஒரு வீட்டு வாசலில் வயதான சிங்கள அம்மா ஒருத்தி பாயில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். வழி கேட்டேன். அவர் உங்கள் அம்மாவின் இடுப்பு முடிச்சைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கொழுந்துக்காரி மகளே, மிளகாயா?" என்று சிங்களத்தில் கேட்டார். "நல்லா அரைச்சுட்டு வா. நானும் என் கொழுந்தனுக்கு அரைச்சேன். வேலிச் சண்டை."

"என்ன ஆச்சு அவருக்கு?" என்று உங்கள் அம்மா அரைகுறைச் சிங்களத்தில் ஆசையோடு கேட்டாள்.

"என்ன ஆகும்? ரெண்டு கோப்பைச் சோறு திங்கிறான். நான்தான் வெட்கப்பட்டுப் பேரை வாய்க்குள்ளயே சொல்லிட்டேன். நீ சத்தமாச் சொல்லு."

குடிக்கத் தண்ணீர் கொடுத்து, வரப்பு வழியாகப் போகச் சொன்னார்.

தேவாலே சின்னதுதான். அதைச் சுற்றிப் புல்லுக்குள் கல் தூண்கள் நின்றன. சில நேராக, சில சாய்ந்து. ஒன்றில் எழுத்து வெட்டியிருந்தது. நண்டு நடந்த தடம்போல இருந்தது, இன்றைக்கு யாராலும் வாசிக்க முடியாதாம். அந்தத் தூணில்தான் ஒரு பசுமாடு கட்டியிருந்தார்கள். அரைக்கிற கல் ஒரு மரத்தடியில். நடுவில் குழி விழுந்திருந்தது. அத்தனை காலமாக அத்தனை பேர் வயிற்றெரிச்சல் தேய்த்த குழி. பக்கத்தில் போகும்போதே மூக்கு எரிந்தது.

கப்புறாளை வந்தார். அதுதான் அங்கே பூசாரிக்குப் பெயர். தோளில் சிவப்புத் துண்டு, நரைத்த தாடி. விசயத்தைக் கேட்டார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். பிள்ளை என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கல்லைக் கழுவி, விளக்கு ஏற்றி, எங்களை உட்கார வைத்தார். உங்கள் அம்மா முடிச்சை அவிழ்த்து மிளகாயைக் குழியில் போட்டாள்.

"பேர் சொல்லு" என்றார்.

"கண்டாக்கையா" என்றேன்.

"அது வேலை. ஆளோட பேர்."

நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

பிள்ளைகளே, நம்புங்கள். அந்த மனிதனுக்குக் கீழே நாங்கள் அத்தனை வருசம் வேலை செய்தோம். அவர் நடை தெரியும், இருமல் தெரியும், எந்த நாளில் எந்தத் தொப்பி போடுவார் என்று தெரியும். பெயர் தெரியாது. கண்டாக்கையா என்றுதான் கூப்பிட்டோம். அவருக்கு மாலை போட்ட அன்றைக்கும் 'நமது கண்டாக்கையா' என்றுதான் பேசினார்கள். ஐயாமாருக்குப் பெயர் இருக்கும் என்று நாங்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"வேற எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கப்புறாளை கேட்டார்.

"முன்னுக்கு ஐயாம்போம்" என்றாள் உங்கள் அம்மா தமிழில். "பின்னுக்கு அட்டைம்போம். ரெத்தம் குடிக்கிற அட்டை." நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன்.

கப்புறாளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அட்டைன்னு அரைச்சா இந்த மலையில இருக்கிற அட்டை எல்லாம் செத்துப்போகும். உங்களுக்கு நல்லதுதான். ஆனா அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப கண்டாக்குன்னே சொல்லி அரைக்கிறேன்" என்று அவள் குழவியை எடுத்தாள்.

அவர் அவள் கையைப் பிடிக்கவில்லை, குழவியின் மேல் தன் துண்டைப் போட்டார். "இப்போ அந்த வேலையில யார் இருக்காங்க?"

இப்போது இருப்பவர் ஒரு இளம் பையன். போன மாதம்தான் அவனுக்குக் கல்யாணம். எங்களை அண்ணே, அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"அவன்மேல போய் விழும்" என்றார் கப்புறாளை. "இல்லாட்டி, போக வழி தெரியாம அரைச்சவங்க வீட்டுக்கே திரும்பி வரும். உங்க வீட்டுல பிள்ளைங்க இருக்காங்களா?"

நீங்கள் இருந்தீர்கள்.

"அவரு மொகம் என் கண்ணு முன்னாடியே நிக்குது. சாமிக்கு அது பத்தாதா?" என்று அவள் கேட்டாள். நான் சொல்லிக் காட்டினேன்.

"சாமி உங்க தோட்டத்துல வேலை செய்யலையே" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. மிளகாயைக் குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துணியில் திரும்ப முடிந்து அவள் கையில் கொடுத்தார். "பேரோட வாங்க."

வெளியே வந்து தூண்களுக்கு நடுவில் நின்றோம். தோட்டத்து ஆபீசில் கேட்கலாம், எழுத்துக்காரருக்குத் தெரிந்திருக்கும் என்றேன்.

"எதுக்கு ஆபீசு?" என்றாள். "அந்த ரோட்டுல ஏறினா பூண்டுலோயா. அவருகிட்டயே கேப்போம்."

"என்னன்னு கேக்குறது?"

"உள்ளதச் சொல்லித்தான்."

ஏற்றம் முழுக்க அவள் முன்னால் நடந்தாள். மூடுபனி இறங்கிவிட்டது. அந்த ஊரில் பென்சன் கண்டாக்கு வீடு எது என்று கேட்டதும் கை காட்டினார்கள். பச்சை கேட். உள்ளே ரோசாச் செடிகள். அவர் சாரமும் சுவெட்டருமாக வந்தார். மெலிந்திருந்தார். என்னைத் தெரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"ம்... நீயா. என்ன இந்தப் பக்கம்?"

"ஐயாவோட பேரு தெரிஞ்சுக்கணும்ங்க" என்றேன். என் குரல் பெரட்டில் நிற்கிற குரலாகத்தான் வந்தது. அதுவும் எனக்குக் கோபத்தைத் தந்தது.

"பேரா? எதுக்கு?"

உங்கள் அம்மா மஞ்சள் முடிச்சைக் கேட்டின் மேல் வைத்தாள். "மொளகா அரைக்கங்கய்யா. கீழ தேவாலேக்குப் போயிட்டு வாறோம். பேரு இல்லாம அரைக்க விட மாட்டேங்கிறாங்க."

அவர் முதலில் சிரித்தார். பிறகு முடிச்சைப் பார்த்தார். அந்தத் தேவாலேயைப் பற்றி அவருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் யார்? சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது.

"பைத்தியமா ஒனக்கு? அந்தப் பழைய கதைக்கா?"

"எங்களுக்குப் பழசாகலங்க."

உள்ளே இருந்து அவர் சம்சாரம், "யாருங்க அது?" என்று கேட்டது. அவர் திரும்பி, "யாருமில்ல" என்றார். அவர் அவசரமாகக் கேட்டின் கொண்டியைப் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். பார்த்தபோது நெஞ்சு குளிர்ந்தது. அதை மறைக்க மாட்டேன்.

"பேர் சொல்ல முடியாது. போங்க."

"சரி, பேரு வேணாம்" என்றாள் அவள். "எடத்தச் சொல்லுங்க. எங்க புள்ள எங்க இருக்கா? பேரு, இல்லாட்டி எடம். ரெண்டுல ஒண்ணு குடுங்க, நாங்க போயிருவோம்."

அவர் வாயைத் திறந்தார். யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அது எனக்குத் தெரிந்தது. "நெனப்பில்ல" என்றார். முதல் முறையாக அவர் குரல் எங்கள் குரல் மாதிரி இருந்தது.

"அப்ப நெனப்பு வந்ததும் வந்து காட்டுங்க. அதுவரைக்கும் இது வீட்டுல காயட்டும்." முடிச்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள். நானும் திரும்பினேன். அவரைக் கும்பிடாமல் திரும்பியது அதுதான் முதல் தடவை.

அவர் பெயரைத் தெரிந்துகொள்வது பெரிய காரியமில்லை. ஆபீசில் கேட்டால் ஒரு நிமிடம். நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் அரைத்தாக வேண்டும், அரைத்தால் அன்றோடு முடிந்துவிடும். முடிய வேண்டாம் என்று உங்கள் அம்மா சொன்னாள். நானும் அதையேதான் நினைத்தேன்.

பஸ் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அவர் வந்தார். தடி ஊன்றி அந்த மேட்டில் ஏறினார். லீக்ஸ் போட ஆளில்லாமல் அங்கே இப்போது மானாப்புல் ஆள் உயரம். புல்லை விலக்கி விலக்கி நடந்தார். கொழுந்து எடுக்கிற பெண்களிடம், முன்பு மரம் எங்கே நின்றது என்று கேட்டார். அவர்கள், "தெரியாதுங்கய்யா, எல்லாம் தோட்டத்து எடம்தானே" என்றார்களாம். நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைசியில் எங்கள் இஸ்தோப்புத் திண்ணை வாசலுக்கு வந்து, தடியால் ஒரு இடத்தைக் காட்டினார்.

"அங்கதான்னு நெனைக்கிறேன்."

உங்கள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை. "நெனைக்க வேணாங்க. தெரியணும்."

அன்றிலிருந்து அவர் வருகிறார். மழை விட்டால் வருகிறார். உடம்புக்கு ஏதாவது வந்தால் உடனே வருகிறார். மருந்து எடுப்பதற்கு முன்னால் இங்கேதான் வருகிறார் என்று அவர் சம்சாரம் கடையில் சொல்லி அழுததாகக் கேள்விப்பட்டேன். விட்டுவிடு என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. மன்னிப்பது பெரிய குணம் என்று உங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். இருக்கலாம். மன்னிக்க எங்களுக்கு ஒரு இடம் வேண்டும். அந்த இடம் அவரிடம்தான் இருக்கிறது.

நாங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவர் லயத்துக்கு வந்தால், மரியாதை குறையாமல் பேசுங்கள். உட்காரப் பெட்டி எடுத்துப் போடுங்கள். தண்ணீர் கேட்டால் கொடுங்கள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, "எங்க அக்கா கெடைச்சாளாங்க?" என்று கேளுங்கள்.